காட்டாத குழி

சைக்கிள் ட்ரெய்னர் எந்திரத்தைக் காரிலிருந்து இறக்கித் தோழி மெரின் வீட்டு ஷெட்டுக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் ரோவினாவுக்கு நாக்குத் தள்ளிவிட்டது. இருபது கிலோ இரும்பு, பிடித்துத் தூக்க வாகான இடமும் கிடையாது. மெரினின் கணவர் நெவில் சமையலறையிலிருந்து ஓடிவந்து மறுபக்கத்தைப் பிடித்தார்.

“ஒரு குரல் குடுத்தா வந்திருக்க மாட்டேனா? உனக்கும் இடுப்பு ஒடிஞ்சா உங்க ரெண்டு பேரையும் யாரு பாக்கிறது?”

“உங்களுக்கு டிவியில ஃபுட்டி ஆட்டம் ஓடுதே, நடுவுல எதுக்கு எழுப்பணும்னுதான்.”

“எங்க ஆளுங்க ஆடுற லட்சணத்துக்கு யாராவது எழுப்பினா புண்ணியம்.”

இரண்டு பேருமாக அதை ரப்பர் விரிப்பின் மேல் வைத்தார்கள். சைக்கிளின் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் இந்த எந்திரத்தை மாட்டிவிட்டால் நின்ற இடத்திலேயே மிதிக்கலாம். மேடு வந்தால் தானே கனக்கும், இறக்கம் வந்தால் தானே இளகும். ஆஸ்திரேலியாவின் பல்லாரட் ஊரில் அடிக்கும் ஜூலைக் குளிரில் பாதி சைக்கிள்காரர்கள் ஷெட்டுக்குள் விசிறியைப் போட்டுக்கொண்டு இதன்மேல்தான் உட்கார்ந்திருப்பார்கள். மணிக்கணக்காக மிதித்து, சொட்டச் சொட்ட வியர்த்து, இறங்கிப் பார்த்தால் ஏறின இடத்திலேயே இருப்பார்கள். காசு கொடுத்து வாங்கும் பைத்தியங்களில் இதுவும் ஒன்று.

“இது உன்னோடதுதானே? நீ என்ன பண்ணுவ?” என்றார் நெவில்.

“எனக்கு ரோடு இருக்கு.”

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை ரோவினாவின் காதில் விழுந்தது. நெவில் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் எதையுமே தப்பாக எடுத்துக்கொள்ளாத மனுஷர். அவள் தோளைத் தட்டி, “உன்ன மாதிரி ஒருத்தி கெடைக்க அவ குடுத்து வச்சிருக்கணும்,” என்று சொல்லிவிட்டு டீ போடப் போனார். ரோவினாவுக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

அவளுக்கு ஐம்பத்தேழு வயது. பதினோரு வாரமாக ஒரு பொய்யைச் சுமந்துகொண்டிருக்கிறாள்.

மே மாதத்து முதல் சனிக்கிழமை. வழக்கம்போல எட்டுப் பேர் கோஷ்டி காலையில் ஏரிக்கரையில் கூடிக் கிளம்பியது. கோஷ்டியில் சக்கரத்தை ஒட்டிச் சக்கரம் போகும். நடுவே ஒன்றரை அடி இருந்தால் அதிகம். முன்னால் போகிறவர் காற்றை வாங்கிக்கொள்வார், பின்னால் வருகிறவருக்கு உடம்பு நோகாது. அதற்கு விலையும் உண்டு. பின்னால் வருகிறவருக்கு முன்னால் இருக்கிறவரின் முதுகைத் தவிர எதுவும் தெரியாது. அதனால் குழி வந்தால் முன்னால் போகிறவர் கையைக் கீழே நீட்டிக் காட்ட வேண்டும், “குழி!” என்று கத்த வேண்டும். இதற்குக் காகிதத்தில் எழுதின சட்டம் கிடையாது. ஆனால் குழி காட்டாதவரோடு யாரும் சைக்கிள் ஓட்ட மாட்டார்கள்.

அன்றைக்கு மேடு தொடங்கும் குறுகலான இடத்தில் ஒற்றை வரிசையாகப் போனார்கள். ரோவினா முதல் ஆள், மெரின் இரண்டாவது. முந்தின நாள் மழையில் நிரம்பியிருந்த குழியைக் கடைசி நொடியில்தான் ரோவினா பார்த்தாள். உடம்பு தானாக ஒரு வெட்டு வெட்டி விலகியது. கை நீளவில்லை. வாயும் திறக்கவில்லை. அடுத்தது மெரின் விழுந்த சத்தம்தான்.

ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்கும்போது யாரோ கேட்டார்கள், “யாரும் குழி காட்டலியா?” ரோவினாவின் கை கால் நடுங்கிக்கொண்டிருந்தது. “காட்டினேனே! கத்தினேனே!” என்று அவள் வாய் சொல்லிவிட்டது. தரையில் கிடந்த மெரின் அதைக் கேட்டாள். காறை எலும்பு முறிந்து, இடுப்பெலும்பு விரிசல் விட்டு, முகமெல்லாம் சேறாகக் கிடந்தவள், “மன்னிச்சுக்கோ ரோ, நான்தான் பாக்கல,” என்றாள்.

மறுநாளே சொல்லியிருக்கலாம். மறுநாள் அறுவை சிகிச்சை. அடுத்த வாரம் சொல்லியிருக்கலாம். அடுத்த வாரம் நெவில் ஆஸ்பத்திரி வராந்தாவில் அவளைக் கட்டிக்கொண்டு, கூடவே இருந்ததற்கு நன்றி சொன்னார். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் பொய்க்கு வட்டி ஏறிக்கொண்டே போனது. சூப் கொண்டுவந்தாள், துணி துவைத்துப் போட்டாள், இப்போது ட்ரெய்னரையும் கொண்டுவந்திருக்கிறாள். சொல்வதைத் தவிர எல்லாம் செய்தாள்.

மெரின் கைத்தடியை ஊன்றிக்கொண்டு ஷெட்டுக்குள் வந்தாள். அவளுக்கு ஐம்பத்தொன்பது. இருபத்திரண்டு வருஷமாகப் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள், பஸ் ஓட்டுகிறவளுக்கே உரிய குரல்.

“என்னடி இது, என் வண்டிய மீன் அறுக்கிற மாதிரி அறுக்கப்போறியா?”

“பேசாம உக்காரு. உன் வண்டியில இருக்கிற அழுக்குல உருளைக்கிழங்கு நடலாம்.”

“பதினோரு வாரமா யாரும் தொடல. அப்படித்தான் இருக்கும்.”

நெவில் பழைய சமையலறை நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். டீயும் தேங்காய்ப்பூ தூவின லாமிங்டன் கேக் இரண்டும் வைத்துவிட்டு ஆட்டம் பார்க்கப் போனார். மெரின் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரோவினா லிவரைத் தளர்த்திப் பின்சக்கரத்தை உருவினாள். பிறகு அதிலிருந்த பல்சக்கர அடுக்கைக் கழற்ற வேண்டும். ரோவினாவின் வண்டிக்குப் பதினோரு பல்சக்கரம், மெரினின் பழைய வண்டிக்குப் பத்துதான். அதனால் மெரினின் அடுக்கையே எந்திரத்துக்கு மாற்ற வேண்டியிருந்தது. செயின் துண்டு கோத்த கைப்பிடியால் அடுக்கு சுழலாமல் பிடித்துக்கொண்டு, நடு வளையத்தை முறுக்கினாள். துரு. இரண்டு தடவை வழுக்கிக் கை முட்டி உரிந்தது. மூன்றாவது தடவை ‘டக்’கென்று விட்டுக்கொடுத்தது. பத்துப் பல்சக்கரங்களையும் வரிசை குலையாமல் உருவி, துடைத்து, எந்திரத்தின் உருளையில் ஏற்றி முறுக்கினாள்.

“உரிஞ்சிருச்சா? காட்டு.”

“ஒண்ணுமில்ல.”

“ரத்தம் வருதேடி. சரி, என் வண்டி கேட்ட பலி.”

சைக்கிளைத் தூக்கி, செயினை மிகச் சின்னப் பல்லில் கோத்து, பின்கவையை எந்திரத்தின் அச்சில் உட்கார வைத்தாள். உள்ளங்கையில் தடம் பதிகிற அளவுக்கு லிவரை இறுக்கினாள். முன்சக்கரத்துக்கு அடியில் பிளாஸ்டிக் கட்டையைக் கொடுத்து, நெவிலின் ரசமட்டத்தை இருக்கையின் மேல் வைத்துப் பார்த்தாள். குமிழ் நடுவில் நின்றது.

மெரின் ஏறுவதுதான் பெரும்பாடாக இருந்தது. முக்காலியில் ஒரு கால் வைத்து, ரோவினாவின் தோளைப் பிடித்து, மறுகாலைத் தூக்கிப் போட முடியாமல் இரண்டு தடவை இறங்கி, மூன்றாவது தடவை உட்கார்ந்தாள். முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் ஹேண்டிலைப் பிடித்ததும் அந்த முகத்தில் ஒரு களை வந்ததை ரோவினா பார்த்தாள்.

“மெதுவா மிதி. மேடெல்லாம் வேணாம்.”

மெரின் மிதித்தாள். எந்திரம் முனகிக்கொண்டு சுற்றியது. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். பிறகு அவள் முகம் சுருங்கியது. மிதித்துக்கொண்டே தலையைச் சாய்த்துக் கேட்டாள். ஏதோ சொல்ல வந்து நிறுத்தினாள்.

“என்ன? வலிக்குதா?”

“இல்ல. ரோ, ஒண்ணு கேக்கிறேன், சிரிக்கக் கூடாது. டக் டக்னு ஒரு சத்தம் உனக்குக் கேக்குதா? இல்ல எனக்கு மட்டும்தானா?”

ரோவினா குனிந்து கேட்டாள். சந்தேகமில்லாமல் கேட்டது. பல்சக்கர அடுக்கைப் பிடித்து அசைத்தாள். கடகடவென்று ஆடியது.

“கேக்குது. பல்சக்கரம் ஆடுது.”

“நிஜமாவா? என் மனசுக்காகச் சொல்லலியே?”

“உன் மனசுக்காக இரும்பு ஆடுமாடி? இறங்கி வந்து தொட்டுப் பாரு.”

மெரின் இறங்கித் தொட்டுப் பார்த்தாள். ஆட்டத்தை விரல் உணர்ந்ததும் அவள் கண்ணில் தண்ணீர் முட்டியது. ரோவினாவுக்குப் புரியவில்லை. கழற்றிப்போட்ட பின்சக்கரத்தை எடுத்துத் திருப்பினாள். பத்துப் பல் அடுக்குக்கு அடியில் வர வேண்டிய மெல்லிய வளையம் பழைய கிரீஸில் ஒட்டிக்கொண்டு அங்கேயே இருந்தது.

“இந்த வளையத்த நான்தான் விட்டுட்டேன். கண்ணு முன்னாடிதான் இருந்துச்சு. பாக்கல.”

“நீ பாக்கலன்னா அது மறதி,” என்றாள் மெரின். “நான் பாக்கலன்னா அது வேற.”

“என்ன வேற?”

மெரின் நாற்காலியில் உட்கார்ந்தாள். கைத்தடியைக் காலுக்கு நடுவே வைத்து அதன்மேல் மோவாயை ஊன்றிக்கொண்டாள்.

“எங்கம்மாவுக்கு எப்படி ஆரம்பிச்சுது தெரியுமா? அறுபத்தோரு வயசு. மேஜை மேல உப்பு இருக்கும். பாத்துக்கிட்டே ‘உப்பு எங்க’ன்னு கேப்பாங்க. கண்ணு நல்லாத்தான் இருந்துச்சு. கண்ணு பாக்கிறது மூளைக்குப் போகல. நாலாவது வருஷம் என்னையே யாருன்னு கேட்டாங்க.”

“மெரின், அது வேற, இது…”

“ஒரே மாதிரிதான். நீ கையக் காட்டியிருக்க. கத்தியும் இருக்க. நான் ஒன்றரை அடி பின்னாடி. நீ கத்தினது என் காதுல விழல, உன் கை என் கண்ணுல படல. அந்தக் கைய நினைச்சு நினைச்சுப் பாக்கிறேன். தெனமும் பாக்கிறேன். உன் முதுகு வருது, மஞ்சள் சட்டை வருது, கை வரமாட்டேங்குது. பதினோரு வாரமா என் தலைக்குள்ள உன் கையத் தேடிக்கிட்டிருக்கேன்டி.”

ரோவினா வளையத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். அது எப்போதோ சுத்தமாகிவிட்டது.

“டாக்டர் பாத்தாரா?”

“ஏதோ படம் வரையச் சொன்னாரு, கணக்குப் போடச் சொன்னாரு, எல்லாம் சரின்னாரு. அம்மாவுக்கும் மொத ரெண்டு வருஷம் அப்படித்தான் சொன்னாங்க.” மெரின் நிமிர்ந்தாள். “நாளைக்குப் பள்ளிக்கூடம் தொறக்குது. நான் வேலைய விட்டுர்றேன். கடுதாசி எழுதி வச்சாச்சு. நெவில் காலையில கொண்டுபோய்க் குடுத்துருவாரு.”

“ஏய், என்ன சொல்ற? அடுத்த மாசம் திரும்ப பஸ் ஓட்டப்போறேன்னு சொன்னியே!”

“இருபத்தாறு பிள்ளைங்க, ரோ. கடைசி ஸ்டாப்புல ஏறுற வாண்டு தன்னோட முன்பல்லு விழுந்ததக்கூட மொதல்ல எங்கிட்டதான் காட்டினான். அவங்க குறுக்க ஓடி, எனக்குத் தெரியலன்னா?” அவள் கைத்தடியைத் தரையில் ஒரு குத்துக் குத்தினாள். “ஓட்டணும்னுதான் இருக்கு. ஓட்டக் கூடாது.”

 இத்தனை நாள் ரோவினா தன் பொய்யைச் சின்னது என்று அளந்து வைத்திருந்தாள். குழி ஒன்றுதானே, எலும்பு எப்படியும் முறிந்துதானே போயிருக்கும், உண்மையைச் சொன்னால் எலும்பு ஒட்டிவிடுமா என்று தனக்குத்தானே வக்கீல் வைத்து வாதாடியிருந்தாள். அந்தப் பொய் இந்த வீட்டுக்குள் இப்படி வளர்ந்துகொண்டிருந்தது அவளுக்குத் தெரியவே தெரியாது. இப்போதும் அவளுக்குச் சொல்லப் பயமாக இருந்தது. பயமாக இருந்தபோதே சொன்னாள்.

“நான் கை காட்டலை.”

“என்னது?”

“கையும் காட்டலை, கத்தவும் இல்லை. நானே கடைசியிலதான் பாத்தேன். பொய் சொன்னேன்.”

மெரின் அவளை உற்றுப் பார்த்தாள். பிறகு மெல்லச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைத்தான் ரோவினா எதிர்பார்க்கவில்லை.

“வேணாம்டி. உனக்கு நல்ல மனசு. ட்ரெய்னரக் குடுத்த, சூப்பு குடுத்த, இப்ப இதையும் குடுக்கப் பாக்கிற. நான் வேலைய விடக் கூடாதுன்னு பழியத் தூக்கி உன் தலையில போட்டுக்கிற.”

“இல்ல மெரின், சத்தியமா.”

“அன்னைக்கு ரோட்டுல நீ சொன்னத நான் என் காதால கேட்டேன். நீ நடுங்கிக்கிட்டே சொன்ன. அந்த நேரத்துல யாருக்கும் பொய் வராது.”

வந்ததே, என்று ரோவினாவுக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. உண்மையைச் சொன்னால் ஏதோ தானதர்மம் என்று எடுத்துக்கொள்கிறாளே! ரோவினா அந்தப் பொய்யை அவ்வளவு நன்றாகச் சொல்லியிருக்கிறாள். அவள் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். சைக்கிள்காரர்கள் எல்லாருடைய ஹேண்டிலிலும் ஒரு சின்னக் கணினி இருக்கும். வேகம், தூரம், மூச்சு விட்டது முதற்கொண்டு நொடிக்கு நொடி எழுதி, போனிலும் சேர்த்துவைக்கும். அன்றைய சவாரியை அவள் அழிக்கவில்லை. தூக்கம் வராத போதெல்லாம் எடுத்துப் பார்ப்பாள்.

“இதப் பாரு. மே மூணு. இந்தக் கோடு தெரியுதா? நான் கம்ப்யூட்டர் பொத்தான அழுத்தின இடம். ஏழு நாப்பத்திரண்டு, பதினேழு செகண்ட். உன் போன எடு. உன் வண்டி எப்ப நின்னுச்சுன்னு பாரு.”

மெரின் அசையவில்லை.

“எடுடி!”

மெரின் தன் போனை எடுத்தாள். அந்த நாளை அவள் திறந்தே பார்த்ததில்லை என்பது தேடின விதத்திலேயே தெரிந்தது. முப்பத்தொன்றில் போய்க்கொண்டிருந்த வேகம் செங்குத்தாக விழுந்து பூஜ்யமாகியிருந்தது. ஏழு நாற்பத்திரண்டு, பதினெட்டு செகண்ட். அவள் இரண்டு போனையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள்.

“வலது கை பொத்தான்ல இருந்துச்சு,” என்றாள் ரோவினா. “இடது கை ஹேண்டில்ல. காட்டுறதுக்கு எனக்கு மூணாவது கை கிடையாது.”

“எதுக்கு அழுத்தின?”

“அந்த மேட்டுல இருந்து புதுசா நேரம் பிடிக்க. போன வருஷத்து நேரத்த முந்தலாம்னு.”

“கோஷ்டியில போறப்பவா? நான் உன் சக்கரத்த ஒட்டி வர்றப்பவா?”

“ஆமா.”

“எத்தன செகண்ட் முந்தணும்?”

“நாலு.”

மெரின் தலையாட்டினாள், ஏதோ கடையில் விலை கேட்டவளைப் போல. “முந்தினியா?”

“நீ விழுந்த சத்தம் கேட்டு நின்னுட்டேன்.”

 உள்ளே ஃபுட்டி வர்ணனை ஓடிக்கொண்டிருந்தது. மெரினின் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாள் என்று ரோவினா நினைத்தாள், சிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு இரண்டும் சேர்ந்துகொண்டது.

“அப்ப எனக்கு ஒண்ணும் இல்ல. இல்லாத கையத் தேடியிருக்கேன். இல்லாதது எப்படிடி ஞாபகத்துல வரும்?” அவள் கன்னத்தை உள்ளங்கையால் துடைத்தாள். துடைத்து முடித்தபோது முகம் மாறியிருந்தது. “நெவில்! நெவில், இங்க வாங்க!”

நெவில் பதறிக்கொண்டு வந்தார், கையில் பாதி கடித்த லாமிங்டனோடு.

“அவர்கிட்ட சொல்லு,” என்றாள் மெரின்.

ரோவினா சொன்னாள். இரண்டாவது தடவை சொல்வது லேசாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். அப்படி இல்லை.  அவள் முடித்த பிறகு நெவில் லாமிங்டனை வேலைமேஜையின் ஓரத்தில் வைத்தார்.

“ராத்திரி ராத்திரி எழுந்து உக்காந்து அழுவா,” என்றார். “‘என்ன முதியோர் ஹோம்ல விட்டுருங்க, உங்களால பாத்துக்க முடியாது’ன்னு சொல்லுவா. காலையில நீ சூப்போட வருவ. உனக்குக் கதவத் தொறந்து விட்டது நான்.”

“தெரியும்.”

“என்ன தெரியும் உனக்கு?” எதையுமே தப்பாக எடுத்துக்கொள்ளாத மனுஷரின் குரல் ஷெட்டுத் தகரத்தில் மோதித் திரும்பியது. “எடு. உன் எந்திரத்த எடுத்துக்கிட்டுப் போ.”

ரோவினா லிவரில் கை வைத்தாள்.

“இருக்கட்டும்,” என்றாள் மெரின். “எந்திரம் என்ன பாவம் பண்ணுச்சு? எனக்கு இப்பத்தான் அதிகமா வேணும். நெவில், ஃபிரிட்ஜ் மேல இருக்கிற கடுதாசியக் கணப்புல போடுங்க. ரோ, அந்த வளையத்தப் போட்டு முடி. பாதி வேலையில போகக் கூடாது.”

நெவில் உள்ளே போனார். ரோவினா சைக்கிளை எந்திரத்திலிருந்து இறக்கி, அடுக்கைக் கழற்றி, வளையத்தை அடியில் போட்டு, பத்துப் பல்லையும் திரும்ப ஏற்றினாள். யாரும் பேசாத இடத்தில் ஒரு வேலை செய்வது எவ்வளவு நீளமானது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டாள். முறுக்கினாள், செயினைக் கோத்தாள், லிவரை இறுக்கினாள். அசைத்துப் பார்த்தாள். ஆடவில்லை.

மெரின் ஏறினாள். இந்தத் தடவை ரோவினாவின் தோளைப் பிடிக்கவில்லை; சுவரைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரே தடவையில் ஏறினாள். மிதித்தாள். எந்திரம் ஒரே சீராக ஓடியது.

“சனிக்கிழமை காபிக்கு எல்லாரும் உக்காருவாங்களே, அங்க சொல்லணும். நான் கேட்டுத் தெரிஞ்சுக்குவேன்.”

“சொல்றேன்.”

“குழியக் காட்டியும் பாக்காதவன்னு என்னப் பாத்துப் பாவப்பட்ட ஆறு பேருக்கும் தெரியணும்.”

“சொல்றேன் மெரின்.”

“அக்டோபர்ல ரோட்டுக்கு வந்துருவேன். மழை பெஞ்சாலும் வருவேன்.”

“வா,” என்றாள் ரோவினா. மன்னித்துவிடுவாள் என்ற நப்பாசை அந்த ஒரு எழுத்துக்குள் வந்துவிட்டது. அதை மெரினும் கேட்டிருக்க வேண்டும். மிதிப்பதை நிறுத்தாமல் திரும்பி அவளை நேராகப் பார்த்தாள். பதினான்கு வருஷம் இவர்கள் சேர்ந்து ஓட்டியிருக்கிறார்கள்; அதில் பாதி தூரம் ஒருத்தி முதுகை ஒருத்தி பார்த்துக்கொண்டே போனதுதான்.

“கோஷ்டியில நீயும் இரு. காபி குடிக்கிறப்ப பக்கத்துலகூட உக்காரு, நான் ஒண்ணும் சொல்லல. ஆனா உன் சக்கரத்துக்குப் பின்னாடி மட்டும் வரமாட்டேன். இந்த வருஷம் மட்டுமில்ல. எப்பவும்.”

மெரின் திட்டியிருந்தால் ரோவினா தாங்கியிருப்பாள். கைத்தடியை எடுத்து நாலு போடு போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவள் ஸ்பேனர்களைப் பொறுக்கிப் பையில் போட்டாள். மெரின் முன்னால் திரும்பி, கியரை ஒரு பல் கூட்டி மிதிக்க ஆரம்பித்தாள்.